மேகமும் மகேமும்: முதல் மூன்று வகுப்புகளில் குழந்தை கற்பது

(தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளையின் சார்பில் பெங்களூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழ் அச்சுக்குப் போனபோது அச்சகத்திலிருந்து விழா அமைப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம்: "தலைப்புல 'மகேம்'னு இருக்கே, மேகம்தானே? திருத்திடலாமா சார்?" திருத்த வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அச்சகத்தார் கண்ணில் உடனே பட்ட அந்தப் பிழையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. அல்சூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி, ஒன்றாம் வகுப்பு, தமிழ்ப் பாடவேளை. சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும். "மேகம்" என்றேன். முன்வரிசைச் சிறுமி பலகையில் முதலில் ம எழுதினாள். அடுத்து ஓர் இரட்டைக்கொம்பு. அதன்பின் க. கடைசியில் ம் எழுதி, புள்ளியை அழுத்தி வைத்தாள். எடுத்துப் படித்தால் 'மகேம்'. நான் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டேன்.

பக்கத்து வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் இன்று நாம் நினைவுகூரும் அம்மையார். இடைவேளையில் கூப்பிட்டார். "ஏம்மா, அந்தப் பொண்ணு தப்பா எழுதலை. நீ மேகம்னு சொன்னே. வாய் முதல்ல 'ம்'னு மூடுது, அப்புறம்தான் 'ஏ' வருது. அவ காது கேட்ட வரிசையிலேயே கை எழுதியிருக்கு. நம்ம எழுத்துதான் கொம்பை முன்னாடி வச்சிருக்கு. அதை அவகிட்ட யார் சொன்னா?"

எனக்கு நாக்கு எழவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுந்தவள் நான். கெ, கே, கை என்ற உயிர்மெய்களில் பின்னால் ஒலிக்கும் உயிருக்கு முன்னால் குறி போடுகிறோம். கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் போடுகிறோம். பேசும் வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு என்பதை ஒருநாளும் யோசித்ததில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் அது கண்ணில் படாது. ஆறு வயதுக் குழந்தைக்கு மட்டும்தான் படும்.

முதல் மூன்று வகுப்புகளில் குழந்தை என்ன கற்கிறது என்பதற்குப் பாடத்திட்டத்தில் பட்டியல் இருக்கிறது. அதைப் படித்துக் காட்ட எனக்கு நேரமும் இல்லை, உங்களுக்குப் பொறுமையும் இருக்காது. நான் சொல்ல வந்தது ஒன்றே. நம் எழுத்துக்கும் எண்ணுக்கும் தமக்கென்று ஒரு நடை இருக்கிறது. அது மூன்று ஆண்டு கேட்கும், சிலருக்கு நான்கும் கேட்கும். அந்த நடையை ஆங்கில அரிச்சுவடியின் முழக்கோலால் அளந்து, "இன்னும் எழுத்தே முடிக்கலையா?" என்று கேட்பது நாம் செய்துகொண்டிருக்கும் பெரிய அநியாயம்.

பள்ளிக்கு வரும்போதே குழந்தைக்குப் பேசத் தெரியும், கோபிக்கத் தெரியும், பொய் சொல்லவும் தெரியும். பேச்சு என்பது துண்டு துண்டாகப் பிரியக்கூடியது என்பது மட்டும் தெரியாது. 'கடல்' என்ற சொல்லில் முதலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "தண்ணி" என்பான். சரியான பதில்தான். சொல்லைப் பொருளிலிருந்து கழற்றி, வெறும் ஓசையாகக் காதில் வைத்துக் கேட்பதுதான் ஒன்றாம் வகுப்பின் முதல் பாடம். எந்தப் புத்தகத்திலும் அச்சிட முடியாத பாடம். கடலில் 'க'வை எடுத்துவிடு என்றால் சில வாரப் பழக்கத்தில் "டல்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் 'கல்' என்பதில் 'க்'கை மட்டும் எடு என்றால் விழிப்பார்கள். அசை எளிதில் பிரியும். அசைக்குள் இருக்கும் மெய்யும் உயிரும் அப்படிப் பிரியாது.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு இதே பெங்களூரிலிருந்துதான் வந்தது. இங்குள்ள பிராமிஸ் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த சோனாலி நாக், கன்னடம் படிக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2007ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எழுத்துகள் அனைத்தும் கைவர முதல் ஓரிரு வகுப்புகள் போதவில்லை. நான்காம் வகுப்பு வரைக்கும் அந்த வேலை நீள்கிறது. அசையைப் பிரித்தறிவது சீக்கிரம் வருகிறது. தனி ஒலியைப் பிரித்தறிவது மெல்லத்தான் வருகிறது. இதைப் பிள்ளைகளின் மந்தம் என்று கருதக் கூடாது. எழுத்துமுறையின் இயல்பே அது.

கணக்குப் பார்ப்போம். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. கன்னட வர்ணமாலையில் 49. அது தொடக்கம் மட்டும்தான். ஒவ்வொரு மெய்யும் உயிரோடு கூடும் காகுணித வரிசை அதற்குப் பிறகு வரும். அதையும் தாண்டினால், ஓர் எழுத்தின் காலடியில் இன்னோர் எழுத்து தொற்றிக்கொண்டு நிற்கும் ஒத்தக்ஷரம். நாம் புள்ளி வைத்து முடித்துக்கொள்ளும் 'அக்கா'வை எழுதக் கன்னடப் பிள்ளை ஒரு எழுத்துக்கு அடியில் இன்னொரு எழுத்தைத் தொங்கவிட வேண்டும்.

'மகேம்' எழுதிய சிறுமிக்குக் கன்னடத்திலும் ஒரு தோழி இருக்கிறாள். 'சூர்ய' என்ற சொல்லில் ர் முதலில் ஒலிக்கிறது, ய அடுத்து. எழுதும்போதோ ய முதலில் வரும். ர்-க்கான கொக்கி அதன் பின்னால் வரும். அர்க்காவத்து என்பார்கள். அந்தக் கொக்கியை முன்னால் போட்டுவிட்டு அடி வாங்கிய கன்னடப் பிள்ளைகள் எத்தனை ஆயிரமோ!

ஆங்கிலம் எளிதல்லவா, 26 எழுத்தோடு முடிந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். எல்.கே.ஜி. முடிவதற்குள் பிள்ளை ஏ முதல் இசட் வரை எழுதிக் காட்டிவிடுவதால் பெற்றோர் மனம் குளிர்ந்துவிடுகிறது. அங்கே சிக்கல் எழுத்து முடிந்த பிறகுதான் ஆரம்பமாகிறது. ஒரே எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும். சில எழுத்து வாயே திறக்காது. 13 ஐரோப்பிய மொழிகளில் பிள்ளைகள் படிக்கத் தொடங்குவதை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003ல் வந்தது. முதல் வகுப்பு முடிவில் பின்லாந்துப் பிள்ளைகள் பழகிய சொற்களில் 98 விழுக்காட்டைச் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் படித்தது 34 விழுக்காடு. தாய்மொழியாக அதைப் பேசும் வீட்டில் பிறந்தவர்களுக்கே நிலைமை இதுதான்.

ஆகவே ஆங்கிலத்தில் எழுத்து குறைவு, வழி கோணல். நம் மொழிகளில் எழுத்து அதிகம், வழி நேர். ஒன்றில் பிள்ளை தொடக்கத்தில் ஓடிப் பிறகு திணறுவான். மற்றொன்றில் தொடக்கத்தில் ஊர்ந்து பிறகு எதைக் கொடுத்தாலும் படிப்பான். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கோட்டில் நிறுத்தி, யார் முந்துகிறார்கள் என்று பார்க்கிறோம். ஒன்றாம் வகுப்பு அரையாண்டில் பார்த்தால் ஆங்கிலம் முந்தித்தான் தெரியும்.

இந்த ஊரின் ஒன்றாம் வகுப்பு அறையில் இன்னொரு பாடமும் நடக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பெங்களூரில் பேசியதாகாது. அரசுக் கன்னடப் பள்ளியின் ஒரு வகுப்பில் நுழைந்து பாருங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவன், தெலுங்கு பேசுகிறவள், உருது பேசுகிறவள், கட்டட வேலைக்கு வந்த பெற்றோரோடு ராயச்சூரிலிருந்து வந்து வேறு மாதிரிக் கன்னடம் பேசுகிறவன், நேபாளி பேசும் காவலாளியின் மகன் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் எடை போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் ஒரு பையன் என்னிடம் வந்தான். "மிஸ், பாலுன்னா ஹாலு. பூவுன்னா ஹூவு. பத்துன்னா ஹத்து. அப்போ பஸ்ஸுன்னா ஹஸ்ஸா மிஸ்?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பழங்கன்னடத்தின் ப பிற்காலத்தில் ஹ ஆனது என்பதை மொழிநூலார் ஏடுகளைப் புரட்டிக் கண்டார்கள். இவன் சிவாஜிநகர்ப் பால் கடையில் நின்று கண்டிருக்கிறான்.

தமிழ் வீட்டுப் பிள்ளை கன்னடம் எழுதக் கற்கும்போது காதுக்கு இன்னொரு வேலை வருகிறது. நமக்கு ஒரே ப. 'பம்பரம்' என்பதில் முதல் ப ஒரு மாதிரி, நடு ப வேறு மாதிரி ஒலிக்கும். நாம் கண்டுகொள்வதில்லை, எழுத்தும் கேட்பதில்லை. கன்னடம் விடாது, இதற்கு ஓர் எழுத்து, அதற்கு ஓர் எழுத்து என்று கேட்டு வாங்கும். க-வுக்கும் ச-வுக்கும் அப்படியே. அந்தப் பிள்ளை முதல் ஆண்டில் இவற்றை மாற்றி மாற்றி எழுதும். ஏட்டில் சிவப்பு மை வழியும். "கன்னடம் வரலை, தமிழ்னால குழப்பம்" என்று யாராவது ஓர் ஆசிரியர் தாயைக் கூப்பிட்டுச் சொல்வார்; வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் ஆசிரியரைக்கூடப் பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் என்ன ஆகும்? ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் இருந்த ஒரே தராசைப் பிடுங்கி எறிந்ததாகும்.

எண்ணுக்கு வருவோம். இங்கே நம் மொழிகள் பிள்ளைக்கு நல்ல துணை. பதினொன்று, பதின்மூன்று என்று பத்தை முன்னால் சொல்லி, மீதியைப் பின்னால் சொல்கிறோம். எழுதுவதும் அதே வரிசையில். கன்னடமும் அப்படித்தான்: ஹன்னொந்து, ஹதிமூரு, இப்பத்தொந்து. ஆங்கிலத்தில் 'தர்ட்டீன்' என்றால் மூன்று முதலில் காதில் விழுகிறது. பிள்ளை 31 என்று எழுதுகிறது. அதுவும் 'மகேம்' வகைப் பிழைதான். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டுக்கும் நடுவில் எத்தனை பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் என்பதை எந்த ஆங்கிலவழி ஆசிரியையும் சொல்வார்.

தமிழிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எண்பத்தொன்பது வரை தடையின்றி வந்த பிள்ளை அங்கே நிற்கும். சில பிள்ளைகள் துணிந்து "எண்பத்துப் பத்து" என்பார்கள். இவர்களை நான் மெச்சுவேன். 90க்கு நாம் தொண்ணூறு என்கிறோம், நூறு அதற்குள் ஏன் வந்தது? 900க்குத் தொள்ளாயிரம், ஆயிரம் அதற்குள் ஏன் வந்தது? கன்னடத்தில் 90 தொம்பத்து, பத்தோடு ஒழுங்காக நிற்கிறது. இந்த ஓர் இடத்தில் கன்னடப் பிள்ளைக்கு நம் பிள்ளையைவிட வழி நேர். இரண்டு மொழியும் தெரிந்த பெங்களூர்ப் பிள்ளைக்கு இதை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், மறக்காது. நானே காட்டியிருக்கிறேன்.

இன்னும் பெரிய பள்ளம் நூற்றைத் தாண்டியபின். நூற்று ஐந்து எழுது என்றால் 1005 என்று எழுதுவார்கள். நூறு என்று கேட்டது, 100 எழுதினான். ஐந்து என்று கேட்டது, பக்கத்தில் 5 போட்டான். இடமதிப்பு என்பது மனித குலம் பல நூற்றாண்டு எடுத்துக்கொண்டு கண்டுபிடித்த விஷயம். அதை ஏழு வயதில் இரண்டு மாதத்தில் முடித்துவிடச் சொல்கிறது பாடத்திட்டம். கட்டுக் கட்டாக ஈர்க்குச்சி வேண்டும், பத்துப் பத்தாகக் கட்ட ரப்பர் வளையம் வேண்டும், கட்டி அவிழ்க்க நாள்கள் வேண்டும்.

நம் முன்னோர் என்ன செய்தார்கள்? திண்ணைப் பள்ளியில் எண்சுவடி இருந்தது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், பெருக்கல் வாய்பாடு, கீழ்வாய்ப் பின்னங்கள் எல்லாம் மனப்பாடம். முந்திரி என்றால் 320ல் ஒரு பங்கு, காணி 80ல் ஒன்று, மா 20ல் ஒன்று. இது வெறும் உருப்போடுதல் என்று நாம் கைகழுவிவிட்டோம். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் கூலி பிரிக்கவும் பயன்பட்ட கணக்கு அது என்பதையும், அங்கே மனப்பாடம் என்பது ஒரு தனித் திறனாகவே வளர்க்கப்பட்டது என்பதையும் வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு தம் ஆராய்ச்சியில் விரிவாகக் காட்டியிருக்கிறார். பழைய மைசூர்ச் சீமையில் அத்தகைய பள்ளிக்குக் கூலிமடம் என்று பெயர். வாத்தியாருக்குக் கூலி கொடுத்துப் படிப்பது. அந்தக் காலத்தைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. யாரெல்லாம் அந்தத் திண்ணையில் ஏற முடியவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஒன்று, அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் இடத்தில் இருந்தான். வகுப்பு மொத்தமும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் புரட்டவில்லை.

திண்ணைப் பள்ளியில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் வழக்கமும் உண்டு. அது ஒருமுறை கப்பல் ஏறிப் போனது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியை 1789ல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவியது. நாம் மணலைக் கூட்டி வெளியே தள்ளிவிட்டுப் பெஞ்சு வாங்கிப் போட்டோம்.

கர்நாடகத்துக்கு அந்த வழக்கம் திரும்பி வந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் பெயர் 'நலி கலி'. தமிழ் மட்டும் தெரிந்தவர் இதைப் படித்தால் பதறிவிடுவார். நமக்கு நலிதல் என்றால் மெலிந்து வருந்துதல். கலி என்றால் கேட்கவே வேண்டாம், கலிகாலம். கன்னடத்தில் நலி என்றால் மகிழ்ந்து ஆடு, கலி என்றால் கற்றுக்கொள். ஆடிப் படி! பழந்தமிழில் கலி ஆரவாரத்தையும் தழைப்பையும் குறித்தது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவன கோட்டை காட்டோரத் தாலுகா. சிறுசிறு ஊர்கள், ஓராசிரியர் ஈராசிரியர் பள்ளிகள், வருவதும் நிற்பதுமாகப் பிள்ளைகள். அங்கே 1995ல் யுனிசெஃப் உதவியோடு தொடங்கியது நலி கலி. வித்து ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியிலிருந்து வந்தது. அங்கே பத்மநாப ராவும் ரமாவும் கிராமத்துச் சிறு பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறையை இந்தத் தாலுகா ஆசிரியர்கள் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து தங்கள் மண்ணுக்கு ஏற்றபடி தாங்களே எழுதினார்கள். ஆசிரியர்கள் எழுதிய பாடம் என்பதால்தான் அது பிழைத்தது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டிலும் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, அதே ரிஷி வேலி விதை செயல்வழிக் கற்றலாக முளைத்தது. 2007-08ல் மாநிலமெங்கும் போனது. சுவரின் அடிப்பகுதியில், பிள்ளை உட்கார்ந்து எழுதும் உயரத்தில் கரும்பலகை வந்தது அப்போதுதான். இப்போது அங்கே நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளின் படிநிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். நல்ல பெயர்கள். அரும்பை யாரும் 'நீ ஏன் இன்னும் மலரவில்லை' என்று அடிப்பதில்லை.

நலி கலி வகுப்பில் ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்தே உட்கார்வார்கள். சுவரில் ஒரு கற்றல் ஏணி. அதில் படிகள், மைல்கற்கள். பிள்ளை தான் நிற்கும் படிக்கு எதிரே உள்ள படத்தைப் பார்த்து, அந்தப் படம் போட்ட அட்டையைத் தானே போய் எடுத்துக்கொள்ளும். அட்டை சொல்லும் வேலைக்கு ஏற்ப ஐந்து குழுக்களில் ஒன்றில் போய் உட்காரும். ஒன்றில் ஆசிரியர் முழுதும் உடனிருப்பார். ஒன்றில் கொஞ்சம் உதவுவார். இரண்டில் கூடப் படிக்கும் பிள்ளைகள் துணை. கடைசியில் தானே தனியே. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்து ஏறும். மற்ற வகுப்புகளில் அந்தப் பிள்ளை ஒரு பாடத்தைத் தொலைத்திருக்கும், அதன்பின் வருவதெல்லாம் புரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் எழுத்து வரிசை. அ, ஆ என்று தொடங்காது. ர, க, ஸ, த, அ என்று தொடங்கும். அந்தக் க, த இரண்டும் கன்னடத்தில் மென்மையாக ஒலிப்பவை. வடிவம் ஒன்றோடொன்று ஒட்டியவை, அடிக்கடி வருபவை. ஐந்தே எழுத்தில் அரஸ, ஸர, அகஸ, கரகஸ என்று சொல்லாகக் கொட்டும்: அரசன், மாலை, சலவைக்காரன், ரம்பம். ஐந்து எழுத்து தெரிந்த அன்றே பிள்ளை ரம்பம் என்று படித்துவிடும்! 49ம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தமிழிலும் ப, ட, ட், ம் நான்கை வைத்துப் 'படம்', 'பட்டம்' என்று தொடங்கும் ஆசிரியர்கள் உண்டு. நம் அம்மையார் அப்படித்தான் தொடங்குவார். அ-வை அவர் இரண்டாவது மாதத்தில்தான் தொடுவார். எழுதுவதில் சிக்கல் அதிகமுள்ள எழுத்து அது என்பார். விஜயதசமியன்று அரிசியில் அ எழுதவைத்த தாத்தாக்கள் அவரிடம் வந்து சண்டை போட்டதுண்டு.

2009-10ல் நலி கலி கர்நாடகத்தின் அரசுக் கன்னடவழிப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. விரிந்த அளவுக்கு மெலிந்தது என்றுதான் சொல்வேன். தமிழ்ப் பொருளில் நலிந்தது. காட்டோரத்தில் இருபது பிள்ளைக்கு எழுதிய ஏற்பாட்டை நகரத்தில் கூட்டமான அறைக்குள் திணித்தார்கள். அட்டை கிழிந்தால் மாற்று வராது. ஒவ்வொரு பிள்ளையின் படியையும் பதிவேட்டில் ஏற்றுவதிலேயே ஆசிரியையின் பொழுது போகும். ஏணியை எழுதியவர்கள் வேறு, இப்போது ஏற்றுகிறவர்கள் வேறு. "அடுத்த மைல்கல்லுக்கு ஏன் போகவில்லை" என்று மேலிருந்து கேட்கத் தொடங்கிய நாளில் ஏணி கால அட்டவணையாக மாறிவிட்டது. பெங்களூருக்கென்று தனியாக ஒரு குறை: வீட்டில் கன்னடம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்காக எழுதப்பட்ட முதல் படியில், கன்னடமே புதிதான பிள்ளை கால் வைக்க இடமில்லை. அப்புறம் பெற்றோர். "புஸ்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பாட்டுப் பாடி ஆடிட்டு வரான்" என்று சொல்லி, வட்டிக்கு வாங்கியாவது தெருமுனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. என் பேரன் படிப்பதும் அப்படிப்பட்ட பள்ளியில்தான்.

பயிற்றுமொழி வழக்கைப் பற்றிப் பேசாமல் போனால் கேள்வி நேரத்தில் நீங்கள் விடமாட்டீர்கள். நான்காம் வகுப்பு வரை தாய்மொழி அல்லது கன்னடம்தான் பயிற்றுமொழி என்று 1994ல் கர்நாடக அரசு ஆணையிட்டது. இருபது ஆண்டு இழுத்து, 2014 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லாது என்றது. குழந்தையின் தாய்மொழி எது என்று சொல்வது பெற்றோரின் உரிமை. தாய்மொழிவழிக் கல்வியை அரசு கட்டாயப்படுத்த முடியாது. ஐந்தாண்டு கழித்து அரசே ஆயிரம் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவு தொடங்கியது. கட்டாயம் கூடாது என்ற தீர்ப்பை நான் ஏற்கிறேன். எனக்கு வருத்தம் வேறு. எந்த மொழியில் என்று இருபது ஆண்டு வாதாடினோம். எவ்வளவு நாளில், எந்த வரிசையில், எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் வைத்து என்று ஒருவரும் ஒரு நாளாவது வாதாடவில்லை.

மத்திய அரசு 2021 ஜூலையில் நிபுண் பாரத் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும் வர வேண்டும், 2026-27க்குள். இலக்கில் குறையில்லை, தேவையும் இருக்கிறது. கிராமப்புற வீடுகளில் எடுக்கப்படும் அசர் கணக்கெடுப்பின்படி, 2024ல் நாடு முழுவதும் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 23.4 விழுக்காடு. நான்கில் மூன்று பேரால் படிக்க முடியவில்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆனால் அளவுகோலைப் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் நிமிடத்துக்கு 60 சொல் படிக்க வேண்டும் என்று அந்த இயக்கத்தின் இலக்கு சொல்கிறது. எந்த மொழியின் சொல்? 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அதே பொருளுக்கு ஐந்தாறு சொல் ஆகும். அந்தப் பிள்ளை ஐந்தாறு எண்ணிக்கை வாங்கும். நம் பிள்ளை மூச்சு வாங்கி முடித்துவிட்டு ஒன்று வாங்கும். கன்னடத்திலும் இதே கதைதான். 2022ல் என்.சி.இ.ஆர்.டி. நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிகளுக்கும் தனித்தனி அளவு வகுக்க முயன்றது. அது சரியான வழி. ஆய்வுத் தாளில் இருக்கும் அந்த விவேகம் பள்ளி ஆய்வாளரின் கைக்கடிகாரத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

முதல் மூன்று வகுப்பில் எழுத்தையும் எண்ணையும் தவிர வேறொன்றும் கற்கவில்லையா என்று கேட்கலாம். வரிசையில் நிற்க, மதியச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவ, ஷூ லேஸ் கட்ட, பக்கத்தில் இருப்பவனின் ரப்பரைக் கேட்டு வாங்க, அம்மா இல்லாமல் ஐந்து மணி நேரம் இருக்க. எல்லாம் பெரிய விஷயங்கள். இவற்றையெல்லாம் பிள்ளைகள் நம்மைக் கேட்காமலேயே கற்றுக்கொள்கிறார்கள், பெரும்பாலும் ஒருவரிடமிருந்து ஒருவர். எழுத்தில்தான் நாம் குறுக்கே நிற்கிறோம்.

'மகேம்' எழுதிய சிறுமிக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல மறந்துவிட்டேன். இடைவேளை முடிந்ததும் அம்மையார் என் வகுப்புக்கு வந்தார். அவள் பலகையை வாங்கி எல்லோருக்கும் காட்டினார். "இவ சரியா கேட்டிருக்கா. ஆனா இந்தக் கொம்பு இருக்கே, இது முந்திரிக்கொட்டை. வாயில பின்னாடி வரும், பலகையில முன்னாடி ஓடிப் போய் நின்னுக்கும்." பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பில் கொம்புக்கு முந்திரிக்கொட்டை என்றே பெயர். இரண்டு வாரத்தில் ஒரு பலகையிலும் அந்தப் பிழை இல்லை. நான் குறுக்கே கோடு இழுத்தே திருத்தியிருந்தால் ஓராண்டு ஆகியிருக்கும்.

கடைசியாக, அறக்கட்டளை நிறுவியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவும் ஒரு பொன்னாடையும் நல்லதுதான். மேல்மிச்சம் இருந்தால், உங்கள் தாயார் வேலை பார்த்த பகுதியில் ஒரு ஒன்றாம் வகுப்பு அறையைத் தேர்ந்தெடுங்கள். கன்னடத்திலும் தமிழிலும் பக்கத்துக்கு ஒரு வரி உள்ள கதைப்புத்தகங்கள் ஐம்பது வாங்கிக் கொடுங்கள். இதே ஊரில் 2004ல் தொடங்கிய பிரதம் புக்ஸ், தன் ஸ்டோரிவீவர் தளத்தில் பல இந்திய மொழிகளில் சிறார் கதைகளை யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சிட்டுக்கொள்ளும்படி வைத்திருக்கிறது, அதிகம் செலவாகாது. இன்றைக்கு எனக்குத் தரவிருக்கும் தொகையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டாம். பிள்ளை உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் உயரத்தில் ஒரு கயிறு கட்டி அதில் தொங்கவிடச் சொல்லுங்கள். கிழிந்தால் அடுத்த ஆண்டு வேறு வாங்கிக்கொள்ளலாம்.